பழைய டிவி கேம் ரிமோட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் டிவி, ஆம்ப்ளிஃபையர் வேலை பார்க்கிற எங்கள் கடைக்குச் சில வருடங்களாகப் பழைய டிவி கேம் ரிமோட்டுகளும் வந்துகொண்டிருக்கின்றன. கோடை லீவு வந்துவிட்டால் இன்னும் அதிகம். வீடு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து கேம் செட்டை இறக்கியிருப்பார்கள், தான் விளையாடியதைப் பிள்ளைக்குக் காட்ட ஆசை வந்திருக்கும், பார்த்தால் ரிமோட் வேலை செய்யாது. கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 'செத்துப்போச்சு' என்று வரும் ரிமோட்டில் நிஜமாகவே செத்தது ரொம்பக் குறைவு. கேபிள், ரப்பர், அழுக்கு, இந்த மூன்றைத் தாண்டிப் போக வேண்டியதே அபூர்வம்.

எந்த செட்டுகளின் ரிமோட்டுகளைச் சரி செய்யலாம்?

நம் பக்கம் அதிகம் இருப்பது ஃபேமிகாம் நகல்கள். நின்டெண்டோ 1983ல் ஜப்பானில் விட்ட செட் அது. அதைப் பார்த்துச் செய்தவைதான் சாமுராய், லிட்டில் மாஸ்டர் முதல் பெயரே போடாத பெட்டிகள் வரை எல்லாம். இரண்டாவது வகை கல்ஃப் சாமான்கள். மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் பக்கமிருந்து பிளேஸ்டேஷன், சேகா மெகா டிரைவ், எப்போதாவது ஒரு நின்டெண்டோ 64 வரும். தூத்துக்குடி 1986லும் தென்காசி 2019லும் தனி மாவட்டங்களாகிவிட்டன. ரிமோட்டுகள் மட்டும் இன்னும் பழைய திருநெல்வேலி ஜில்லா கணக்கில்தான் இங்கே வந்து சேர்கின்றன.

"அண்ணாச்சி, ஏ பட்டனைப் போட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்கினாத்தான் குதிக்கான். என்ன கோளாறு?"

இதுதான் அதிகம் வரும் கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரிமோட்டைத் திறந்தால் மேலே பிளாஸ்டிக் பட்டன், நடுவில் சிலிக்கான் ரப்பர், அடியில் போர்டு. ரப்பரின் அடிப்பக்கம் ஒவ்வொரு பட்டனுக்கும் நேராக ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். கார்பன் கலந்தது, கரண்ட் கடத்தும். போர்டில் அதற்கு நேரே இரண்டு தனித்தனி டிராக்குகள் (கரண்ட் ஓடும் கோடுகள்), கோத்து வைத்த இரண்டு சீப்புகளைப் போல, பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒன்றையொன்று தொடாது. பட்டனை அமுக்கினால் கறுப்பு வட்டம் இரண்டையும் இணைக்கும். வேலை அவ்வளவுதான்.

எந்தப் பட்டன் அமுங்கியது என்று பார்க்கிற சில்லுதான் ஐசி. அதன் கால் ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) வழியாக 5 வோல்ட்டில் நிற்கிறது. அமுக்கியதும் கிரவுண்டை (0 வோல்ட்டை) நோக்கி இறங்குகிறது. நின்டெண்டோ ரிமோட்டில் இருக்கும் 4021 ஐசி, 1.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் அமுக்கியதாக நிச்சயம் எடுத்துக்கொள்ளும். அந்த ரெசிஸ்டர் 40 கிலோ ஓம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், கார்பன் வட்டத்தின் தடை சுமார் 17 கிலோ ஓமுக்குள் இருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள வட்டத்தில் சில நூறு ஓம்தான் காட்டும். இவ்வளவு இடைவெளி இருப்பதால்தான் பல வருடம் தேய்ந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. எல்லை தாண்டுகிற இடத்துக்கு வந்ததும், ஓங்கி அமுக்கினால் வேலை செய்யும், மெதுவாகத் தொட்டால் செய்யாது.

சோதிப்பது சுலபம். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, இரண்டு முனைகளையும் கறுப்பு வட்டத்தின் மேல் மூன்று மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி லேசாக வையுங்கள். குத்தக் கூடாது. ஏ பட்டனைப் பார்த்த கையோடு செலக்ட் பட்டனையும் பாருங்கள். செலக்டை யார் அமுக்கப் போகிறார்கள்? அதன் வட்டம் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும், அதுதான் உங்கள் அளவுகோல். ஏ பத்து மடங்கு, இருபது மடங்கு காட்டினால் ஒன்று அழுக்கு, இல்லையென்றால் தேய்மானம். துடைத்த பிறகு மறுபடி அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

எதைக் கொண்டு துடைக்க?

ரப்பரைத் தனியாக எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவி, நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். பிளாஸ்டிக் பட்டன்களும் மேல்கூடும் அப்படியே. அல்வாக் கையோடு விளையாடிய ரிமோட்டில் பட்டன் ஓரத்தில் நெய் ஏறி, தூசியோடு சேர்ந்து இறுகிப்போயிருக்கும். அமுக்கிய பட்டன் மேலே வராமல் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான், ரப்பரைக் குறை சொல்ல முடியாது.

போர்டுக்குத் தண்ணீர் வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, பஞ்சில் தொட்டு, டிராக்கின் மேல் அழுத்தாமல் துடையுங்கள். மெடிக்கல் கடை சர்ஜிகல் ஸ்பிரிட் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும், காய்ந்த பிறகு படலமாக நிற்கும். சானிடைசரில் கிளிசரின். இரண்டும் ஆகாது. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், மேல்கூட்டு பிளாஸ்டிக்கையே உருக்கிவிடும்.

பென்சில் கரி தேய்க்கலாம், அலுமினியத் தாள் ஒட்டலாம், உப்புத்தாள் போடலாம் என்று ஆளாளுக்குச் சொல்லுதாவளே?

உப்புத்தாளை மட்டும் கையில் எடுக்காதீர்கள். போர்டில் கறுப்பாகத் தெரிவது அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துவிடுகிறார்கள். அது செம்பின் மேல் பூசிய கார்பன் மை, செம்பு களிம்பேறாமல் காப்பதே அதுதான். தேய்த்த அன்று ரிமோட் அருமையாக வேலை செய்யும். அடுத்த மழைக்காலத்துக்குள் செம்பு பச்சை பூத்துவிடும். கடைக்கு வருவதில் என்னால் சரி செய்ய முடியாமல் திருப்பிக் கொடுப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

6பி பென்சில் தேய்ப்பது பாதகமில்லை, ஆனால் நிற்காது. வீட்டுக்கு வந்த மருமகனோடு ஒரு சாயங்காலம் விளையாட வேண்டும் என்றால் போதும். அலுமினியத் தாள் வேலை செய்யும். ஆனால் அதன் ஓரம் போர்டின் கார்பனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எனக்கு அதில் விருப்பமில்லை.

நான் செய்வது: செத்துப்போன டிவி ரிமோட்டின் ரப்பரில் யாரும் தொடாத பட்டன்கள் நிறைய இருக்கும். அவற்றின் கறுப்பு வட்டத்தை பிளேடால் மெல்லிசாகச் சீவி எடுத்து, கேம் ரிமோட்டின் தேய்ந்த வட்டத்தின் மேல் ஒட்டுவது. ஃபெவிகுவிக் சிலிக்கானில் பிடிக்காது. சிலிக்கான் ஒட்டுப்பசைதான் பிடிக்கும், குண்டூசி முனையளவு போதும். புளித்த காடி வாசனை அடிக்கும் பசை என்றால் அந்த வாசனை முழுக்கப் போகும்வரை ரிமோட்டை மூடாதீர்கள், அதன் ஆவி செம்பை அரிக்கும். ஒட்டிய துண்டு தடிமனாக இருந்தால் பட்டன் எப்போதுமே அமுங்கிய நிலையில் நிற்கும், அதையும் மூடுவதற்கு முன் பாருங்கள்.

டர்போ பட்டன்களோடு (அமுக்கிப் பிடித்தாலே திரும்பத் திரும்ப அமுக்கிய மாதிரி வேலை செய்பவை) நாலு பட்டன் உள்ள நகல் ரிமோட்டில் நாலுக்கும் சேர்த்து ஒரே ரப்பர் இருந்து, ஓட்டைகளும் பொருந்தினால், ரப்பரைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தேய்ந்த வட்டம் டர்போவுக்குப் போய், தேயாதது ஏ, பி-க்கு வரும். செலவே இல்லை.

இடது பக்கம் அமுக்கினால் சில நேரம் மேலே போகிறது. இரண்டு பக்கமும் அமுங்கின மாதிரி நிற்கிறது.

திசைக் குறுக்குப் பட்டன், நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982ல் கையடக்க டாங்கி காங் கேமுக்காகப் போட்டது. அதன் அடியில் நடுவில் ஒரு முளை இருக்கும். ஒரு பக்கம் இறங்கினால் எதிர்ப்பக்கம் ஏற வேண்டும், அதற்குத்தான் அந்த முளை. தேய்ந்துபோனால் பட்டன் மொத்தமாக உள்ளே இறங்கி, இடதும் வலதும் ஒன்றாக விழும். விலை மலிவான நகல்களில் முளை பேருக்குத்தான் இருக்கும். முளைக்கு நேராக மெல்லிய பிளாஸ்டிக் வில்லை ஒன்றை வெட்டி ஒட்டினால் சரியாகும். பழைய சிம் கார்டு தடிமன் பல ரிமோட்டுக்கு அதிகம், அதைவிட மெலிதான அட்டையில் தொடங்குங்கள்.

கேபிள் போயிருக்கா, ரப்பர் போயிருக்கா? திறக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். செட்டுக்குச் செட்டு வழி மாறும், அவ்வளவுதான்.

நின்டெண்டோ வகையில் எட்டு பட்டன்களின் நிலையும் ஒரே டேட்டா கம்பியில் வரிசையாகப் போகின்றன: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது. மொத்தம் ஐந்தே கம்பி: 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. ஆகவே ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். கேபிள் அறுந்தால் எட்டும் சேர்ந்து போகும், இல்லை கேபிளை ஆட்ட ஆட்ட எல்லாம் சேர்ந்து வந்து வந்து போகும். பிளேஸ்டேஷனும் இதே வழிதான்.

மெகா டிரைவ் அப்படியில்லை. மூன்று பட்டன் ரிமோட்டில் ஏ-யும் பி-யும் ஒரு கம்பியைப் பங்குபோடுகின்றன, சி-யும் ஸ்டார்ட்டும் இன்னொன்றை. ஏ, பி இரண்டும் ஒரே நாளில் செத்தால், ரப்பரைத் திறக்கும் முன்னால் பிளக்கின் ஆறாவது பின்னுக்குப் போகும் கம்பியைப் பாருங்கள். சி, ஸ்டார்ட் என்றால் ஒன்பதாவது பின்.

அறுகிற இடம் பெரும்பாலும் ரிமோட்டிலிருந்து கேபிள் வெளியேறும் கழுத்துதான். விளையாடி முடித்ததும் கேபிளை ரிமோட்டைச் சுற்றி இறுக்கி வைக்கிறார்களே, அந்தப் பழக்கம் செய்கிற வேலை. மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து, ஒரு முனை பிளக்கில், இன்னொன்று போர்டில், கழுத்தை ஆட்டிக்கொண்டே பாருங்கள். பீப் விட்டு விட்டு வந்தால் அங்கேதான். கழுத்தைத் தாண்டி இரண்டு விரல்கடை வெட்டிவிட்டு, மீதியை மறுபடி போர்டில் பற்றவையுங்கள். எந்த நிறம் எந்தப் புள்ளியில் இருந்தது என்று வெட்டுவதற்கு முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் நின்டெண்டோவில் பழுப்பு கிரவுண்ட், வெள்ளை 5 வோல்ட். நகல்களில் நிறத்தை நம்பவே கூடாது, கையில் கிடைத்த கம்பியைப் போட்டிருப்பார்கள்.

முழு கேபிளும் போய்விட்டால் பழைய யூஎஸ்பி மவுஸ் கேபிளைப் போடலாம். நாலு கம்பிதான் இருக்கும், மேலே சுற்றிய வலை இருந்தால் அதைக் கிரவுண்டாக எடுத்துக்கொள்ளலாம். லேன் கேபிள் வேண்டாம். வீட்டுச் சுவரில் இழுக்கிற வகையில் உள்ளே ஒற்றைச் செம்புக் கம்பி, மடக்கி மடக்கி விளையாடினால் சீக்கிரம் முறியும்.

ஒன்பது பின் பிளக் எல்லாம் ஒன்றுபோல்தானே இருக்கு? சேகா ரிமோட்டை இதில் செருகலாமா?

கூடாது. அடாரி, மெகா டிரைவ், ஃபேமிகாம் நகல்கள் மூன்றும் பார்க்க ஒரே பிளக், உள்ளே பின்கள் வேறு. ஒன்றில் 5 வோல்ட் இருக்கும் இடத்தில் மற்றதில் வேறு எதுவோ இருக்கும். நகல்களுக்குள்ளேயே கம்பெனிக்குக் கம்பெனி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் எதிலும் செருகாதீர்கள்.

ஐசி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டு மட்டும் இருக்கு. அது போயிட்டா?

அந்தப் பொட்டுக்கு அடியில்தான் சில்லு. போர்டிலேயே நேராக ஒட்டி, மேலே எபாக்ஸி ஊற்றி மூடியிருக்கிறார்கள். அதைக் கழற்ற வழியில்லை. ஆனால் ரிமோட்டைக் காப்பாற்ற வழி இருக்கிறது: சிடி4021 என்ற 16 கால் ஐசி ஒன்றும், எட்டு ரெசிஸ்டரும் வாங்கி, பட்டன்களின் டிராக்கிலிருந்து மெல்லிய கம்பி இழுத்து இணைக்கலாம். கறுப்புப் பொட்டுக்குப் போகும் டிராக்குகளை முதலில் வெட்டிவிட வேண்டும். டர்போ போய்விடும், மற்றதெல்லாம் வரும். ஐசி மதுரை டவுன்ஹால் ரோட்டிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ கிடைக்கும். பொறுமை இருக்கிறவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கேட்டால் செய்து தருவேன், ஆனால் அந்த ரிமோட்டின் மேல் உங்களுக்குப் பாசம் இருந்தால் மட்டும் கேளுங்கள்.

உவரியில் இருக்கோம். எந்த ரிமோட் வாங்கினாலும் சீக்கிரம் கெட்டுப்போகுது.

உப்புக்காற்று. கார்பன் பூச்சு தேய்ந்த இடத்திலும் பற்றவைத்த இடத்திலும் பச்சை பூக்கும், இரண்டு டிராக்குக்கு நடுவே ஈரம் படிந்தால் தொடாமலே பட்டன் அமுங்கும். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் என்றால் இதோடு தேரிச் செம்மண் தூசியும் சேரும். அது ரொம்ப நைசான மண், பட்டன் இடுக்கு வழியாக உள்ளே போய் ரப்பருக்கும் போர்டுக்கும் நடுவே உட்கார்ந்துகொள்ளும். விளையாடாத நேரம் ஜிப் கவரில், மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடி வையுங்கள். குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசிக்காரர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

பிளேஸ்டேஷன் 2 ரிமோட்டில் ஆள் தானாகவே நடந்துகொண்டிருக்கிறான்.

கட்டைவிரலால் ஆட்டும் குச்சியின் அடியில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் (திருப்பினால் தடை மாறும் பாகம்), 10 கிலோ ஓம். ஒன்று மேல்-கீழுக்கு, மற்றது இடது-வலதுக்கு. உள்ளே கார்பன் தடம் தேய்ந்தால் நடு நிலை நடுவில் நிற்காது. முதலில் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டுக் குச்சியை நன்றாகச் சுழற்றிப் பாருங்கள். தூசியாக இருந்தால் போகும். தேய்மானமாக இருந்தால் சில நாளில் திரும்ப வரும், அப்போது முழுக் குச்சியையும் மாற்றத்தான் வேண்டும். 14 கால்கள், ஈயத்தை உறிஞ்சி எடுக்காமல் இழுத்தால் போர்டின் டிராக் பெயர்ந்து கூடவே வரும். பற்றவைத்துப் பழகாதவர் முதல் வேலையாக இதை எடுக்க வேண்டாம்.

குச்சி நன்றாக இருந்து பட்டன்கள் தாறுமாறாக வேலை செய்தால் விஷயம் வேறு. இந்த ரிமோட்டில் சாதாரண போர்டு டிராக்குக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம் இருக்கிறது. அதன் வாலைப் போர்டோடு அழுத்திப் பிடிக்க ஒரு பஞ்சுத் துண்டு (ஸ்பாஞ்ச்). வருடங்கள் போகப் போகப் பஞ்சு தட்டையாகிவிடும், தொடர்பு விட்டுப்போகும். பஞ்சுக்கு அடியில் இன்சுலேஷன் டேப்பை இரண்டு மூன்று மடிப்பு மடித்து வைத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. ஃபிலிமை மடக்கிவிடாதீர்கள், மடிப்பு விழுந்தால் அதோடு போச்சு.

எந்த ரிமோட்டைச் செருகினாலும் வேலை செய்யவில்லை என்றால் ரிமோட்டைக் கழற்றவே வேண்டாம். செட்டுக்குள், ரிமோட் செருகும் வாய்க்குப் போகும் சின்ன ஃபியூஸ் போயிருக்கலாம். கம்பி ஷார்ட் ஆன பழைய ரிமோட்டைச் செருகியதுதான் வழக்கமான காரணம்.

நின்டெண்டோ 64 குச்சி தொளதொளவென்று ஆடுது. உள்ளே வெள்ளைப் பொடி.

அந்தப் பொடி குச்சியும் அதன் கிண்ணமும் உரசி உதிர்ந்த பிளாஸ்டிக். 1996ல் வந்த இந்த ரிமோட்டில் பொட்டென்ஷியோமீட்டர் கிடையாது. துளையிட்ட இரண்டு சக்கரங்கள் சுற்றுவதை ஒளியால் எண்ணுகிறது. சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் தொட்டு வைத்தால் தேய்மானம் மட்டுப்படும், தேய்ந்தது திரும்ப வராது. கிண்ணமும் பற்சக்கரமும் தனியாக ஆன்லைனில் விற்கிறார்கள். ஆன் செய்யும்போது குச்சி எங்கே நிற்கிறதோ அதையே நடு என்று இது எடுத்துக்கொள்ளும். ஆள் தானாக நடந்தால் குச்சியை விட்டுவிட்டு எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். இதை மட்டும் சொல்லி, காசு வாங்காமல் நான் அனுப்பிவைத்தவர்கள் உண்டு.

மஞ்சளடித்த மேல்கூட்டை வெள்ளையாக்க முடியுமா?

முடியும். ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைப் பூசி வெயிலில் வைப்பார்கள். சலூன் சாமான் கடையில் 40 வால்யூம் என்று இருப்பது 12 சதவீதம், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. நம்மூர் வெயிலில் கிரீம் சீக்கிரம் காய்ந்து திட்டுத் திட்டாகிவிடும். அதனால் கிளிங் ஃபிலிம் சுற்றி, அடிக்கடி புரட்ட வேண்டும். சில வருடத்தில் மஞ்சள் திரும்பவும் ஏறும். என்னைக் கேட்டால் மஞ்சளோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

புதுசாகவே ஒரு ரிமோட் வாங்கிவிட்டால் என்ன?

வாங்கலாம். ஆன்லைனில் வரும் நகல்களில் ரப்பர் கட்டியாக இருக்கும், திசைப் பட்டன் சொன்ன பேச்சைக் கேட்காது. வாங்கினாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், பழைய ரப்பரைப் புதுக் கூட்டில் மாட்டிக்கொள்ள உதவும்.

கேம் துப்பாக்கி சுடவே மாட்டேங்குது. ரிமோட்டெல்லாம் நல்லா இருக்கு.

எந்த டிவி? எல்இடி டிவி என்றால் துப்பாக்கியைத் திறக்காதீர்கள், அதில் ஒரு கோளாறும் இருக்காது. விசையை இழுத்ததும் செட் ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு நேரம் திரை முழுதையும் கறுப்பாக்கி, அடுத்த அதே அளவு நேரத்தில், சுட வேண்டிய வாத்து இருக்கும் இடத்தில் வெள்ளைக் கட்டம் போடும். துப்பாக்கி முனையில் உள்ள கண் அந்த வெளிச்சத்தை அந்தக் கணத்திலேயே பார்த்தாக வேண்டும். படத்தைக் கொஞ்சம் தாமதித்துக் காட்டும் எல்இடி டிவியில் கட்டம் வருவதற்குள் செட் கணக்கை முடித்துவிடும். போதாததற்கு அசல் நின்டெண்டோ துப்பாக்கி, படக்குழாய் டிவி கோடு கோடாக வரையும் அந்த வேகத்தில் துடிக்கும் வெளிச்சத்தை மட்டும் எடுக்கும்படி செய்யப்பட்டது, பல்பு வெளிச்சத்தில் ஏமாறாமலிருக்க. பழைய டியூப் டிவியில்தான் சுடும். 14 இன்ச் போதும். பழைய இரும்புக்காரர் தெருவில் வரும்போது தள்ளுவண்டியில் ஒன்று இருக்கிறதா பாருங்கள், எடைக்குத்தான் கொடுப்பார். துப்பாக்கி அதிலும் சுடவில்லை என்றால் முனைக் கண்ணாடியைத் துடைத்து, விசைக்கு அடியில் இருக்கும் சுவிட்சை மீட்டரில் பார்த்துவிட்டு அப்புறம் கொண்டுவாருங்கள்.